ரோம், பொம்பேயி, ஏதென்ஸ்: போவதற்கு 80 நாள் முன்பே தொடங்குங்கள்

என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ரோமின் கொலோசியம் அரங்கத்தையும் ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலையும் பாடப்புத்தகத்தின் மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தில் காட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு பெற்றபின் அவற்றை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். 2025 மே மாதம் அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். போனது பத்து நாள். அதற்கான ஏற்பாட்டில் அலைந்தது ஐந்து மாதம். அந்த அலைச்சலில் பாதி, எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாததால் வந்தது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே வரலாறு சொல்லப்போவதில்லை. காகிதம், காசு, தேதி மட்டும். யூரோவை ரூபாயாக்க 100-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், திட்டமிட அது போதும். விலைகள் நாங்கள் போனபோது இருந்தவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

1. எந்த நாட்டில் எத்தனை இரவு என்று முதலில் எழுதுங்கள்

இத்தாலியும் கிரீஸும் ஷெங்கன் என்ற பொது விசா ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகள். ஒரே விசா இரண்டுக்கும் போதும். ஆனால் அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்கு விதி உண்டு: எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் போய் இறங்கும் நாட்டிடம். நாங்கள் ரோமில் நான்கு இரவு, எரிமலை புதைத்த ஊரான பொம்பேயியைப் பார்க்க நேப்பிள்ஸில் இரண்டு, ஏதென்ஸில் நான்கு என்று வைத்துக்கொண்டோம். இத்தாலிக்கு ஆறு, கிரீஸுக்கு நான்கு. ஆகவே இத்தாலி விசா.

"எங்கே சீக்கிரம் அப்பாயின்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிடலாம், பிறகு திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. கேட்காதீர்கள். விமான நிலையத்தில் ஓட்டல் முன்பதிவைக் காட்டச் சொன்னால் விசா கொடுத்த நாடு ஒன்று, தங்கும் நாடு இன்னொன்று என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விமான டிக்கெட்டை ரோமில் இறங்கி ஏதென்ஸிலிருந்து திரும்புவதுபோல் பாருங்கள். சென்னையிலிருந்து இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது, வளைகுடா போல வழியில் ஓரிடத்தில் மாறித்தான் போகவேண்டியிருக்கும். ரோமிலேயே இறங்கி ரோமிலேயே ஏறினால் நடுவில் ஒரு முழு நாள் வீணாகும். ரோமிலிருந்து ஏதென்ஸ் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பறப்பு. ஷெங்கனை விட்டு வெளியே போவதில்லை என்பதால் ஒற்றை நுழைவு விசாவே போதும்.

மாதம்: ஏப்ரல், மே, அல்லது அக்டோபர். பெரியவர்களோடு போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டை நினைத்தே பார்க்காதீர்கள். வெயில் கடுமையான நாள்களில், ஏதென்ஸில் பார்த்தினன் இருக்கும் குன்றான அக்ரோபோலிஸையே நண்பகலை ஒட்டி மாலை 5 மணி வரை மூடிவிடுகிறார்கள். 2023, 2024, 2025 மூன்று கோடையிலும் இது நடந்திருக்கிறது.

2. பாஸ்போர்ட்டை எடுத்து உங்கள் பெயரைப் படியுங்கள்

நம்மில் பலரை இந்த ஒரு விஷயம் மாட்டிவிடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. சிலர் பாஸ்போர்ட்டில் "சர்நேம்" கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே விரித்து எழுதப்பட்டிருக்கும். பான் கார்டில் ஒரு மாதிரி, வங்கியில் "ச. முருகன்" என்று இன்னொரு மாதிரி, பாஸ்போர்ட்டில் "முருகன் சண்முகம்" என்று வேறு மாதிரி.

விசா விண்ணப்பம், காப்பீடு, விமானம், ஓட்டல், கொலோசியம் டிக்கெட், பொம்பேயி டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். இனிஷியல் போடாதீர்கள். கொலோசியத்துக்கும் பொம்பேயிக்கும் டிக்கெட் பெயரில்தான் தருகிறார்கள், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

சர்நேம் காலியாக உள்ளவர்களுக்கு: டிக்கெட் தளங்கள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே விடாது. என் அம்மாவுக்கு அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினேன், எங்கும் தடை வரவில்லை. விமான டிக்கெட்டுக்கு மட்டும் அப்படி நீங்களாகச் செய்துவிடாதீர்கள். ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. வாங்கும் முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று வங்கிக் கிளையிலேயே ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அதற்கு இரண்டு நாள்தான் ஆனது. அது முன்பே கையில் இருந்திருந்தால் விசா மையத்துக்கு இரண்டாம் முறை ஓடியிருக்க வேண்டாம்.

3. 80 நாள் கணக்கு

கொலோசியத்தின் டிக்கெட் விற்பனை, போகும் நாளுக்கு 30 நாள் முன்புதான் திறக்கிறது. வாங்கினால் பணம் திரும்பாது. ஆகவே விசா கையில் இருந்தால்தான் தைரியமாக வாங்க முடியும். விசா முடிவுக்கு வழக்கமாக 15 நாள் என்கிறார்கள், ஆனால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 30-ஐயும் 45-ஐயும் கூட்டி, பாஸ்போர்ட் கூரியரில் வர ஐந்து நாள் சேருங்கள். 80. விசா மையத்தில் விண்ணப்பத்தோடு விரல் ரேகை கொடுக்கும் நாள், பயணத்துக்கு 80 நாளாவது முன்னால் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்பே ஏற்கிறார்கள் என்பதால் இது முடியாத காரியமில்லை.

இதைக் கணக்குப் போடாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. 40 நாள் முன்பு விரல் ரேகை கொடுத்தோம். கிளம்ப 16 நாள் இருக்கும்போது விசா வந்தது. கத்தோலிக்கர்களின் புனித ஆண்டு என்பதால் ரோமில் கூட்டமோ கூட்டம். எங்கள் தேதிகளுக்குக் கொலோசியம் டிக்கெட் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் 18 யூரோ டிக்கெட்டை மூன்று மடங்கு விலைக்கு வாங்கினேன். அவர்கள் அப்பாவின் பெயரைப் பாதியாகப் பதிந்திருந்தார்கள். வாசலில் அவரைத் தனியே நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட், விமானச் சீட்டு, விசா எல்லாம் காட்டிப் பேசி உள்ளே போக இருபது நிமிடம் ஆனது. எழுபத்தொரு வயதில், அத்தனை ஆசையோடு வந்த மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

4. விசாவுக்கான காகிதங்கள்

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. மையத்தில் எஸ்எம்எஸ், ஓய்வறை, கூரியர் என்று பல சேவைகளை நீட்டுவார்கள். வெளியூர்க்காரராக இருந்தால் கூரியர் மட்டும் போதும்.

பாஸ்போர்ட் கடைசி பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள்.

புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில் "ஷெங்கன் விசா போட்டோ" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், இறங்கும் நாள் முதல் ஏறும் நாள் வரை. எழுபது வயதைத் தாண்டினால் பிரீமியம் வெகுவாக ஏறும், சில நிறுவனங்கள் மருத்துவப் பரிசோதனையும் கேட்கும். பெரியவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

பணத்துக்கான ஆதாரம்: வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு. வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும், ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதிய ஆணையும். எத்தனை மாத அறிக்கை என்பது நாட்டுக்கு நாடு மாறும். நாங்கள் ஆறு மாதத்துக்கு வைத்தோம். விண்ணப்பிக்கும் முந்தின வாரம் திடீரென்று மூன்று லட்சம் கணக்கில் வந்து விழுந்திருந்தால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். நிலம் விற்ற பணம் என்றால் அந்தப் பத்திர நகலையும் சேர்த்து வையுங்கள். பிள்ளைகள் பெற்றோருக்குச் செலவு செய்வதாக இருந்தால், "இவர் என் தந்தை, செலவு முழுதும் என்னுடையது" என்று கையொப்பமிட்ட கடிதமும் உறவுக்கான சான்றும் வேண்டும்.

ஓட்டல் முன்பதிவு ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும், ஆனால் உண்மையானதாக இருக்கட்டும். எங்களுக்கு முதலில் வேலை பார்த்த ஏஜெண்ட் போட்ட முன்பதிவு மறுநாளே ரத்தாகியிருந்தது. விண்ணப்பிக்கும் முன் ஓட்டலுக்கே எழுதிக் கேட்டதால்தான் தெரிந்தது.

அப்புறம் முகப்புக் கடிதம். இதை ஏஜெண்டிடம் விடாதீர்கள், நீங்களே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எந்த நாள் எந்த ஊர், எந்த இடம், எந்த ரயில் என்று வரிசையாக. அப்பா தன் கடிதத்தில், தான் வரலாற்று ஆசிரியர் என்பதையும் எத்தனை வருஷம் இதைக் கற்பித்தார் என்பதையும் இரண்டு வரி எழுதி, பள்ளிச் சான்றையும் இணைத்தார். அது எவ்வளவு உதவியது என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் எதற்காகப் போகிறார் என்ற கேள்விக்கு அந்த இரண்டு வரியில் பதில் இருந்தது.

கடைசி 59 மாதத்துக்குள் ஷெங்கனுக்கு விரல் ரேகை கொடுத்தவர்கள் பழைய விசாவின் நகலை வையுங்கள், மறுபடி கொடுக்கச் சொல்லாமல் விடலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையிலும் முகமும் விரல் ரேகையும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. இறங்கியதும் வரிசை நீளும். இறங்கிய நாளில் எந்த டிக்கெட்டும் வாங்கி வைக்காதீர்கள்.

5. கார்டைத் தயார்செய்யுங்கள்

நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் போய் நாமே திறக்க வேண்டும். டிக்கெட் தளத்தில் கூடையில் போட்டபின் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிமிடத்தில் போய் அட்டை அமைப்பைத் தேடினால் சீட்டு கைநழுவிவிடும். முந்தின நாளே ஏதாவது ஒரு சின்னத் தொகைக்கு வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். ரோமின் பழங்கோயிலான பான்தியனுக்கு டிக்கெட் 5 யூரோதான், சோதனைக்கு அதையே வாங்கலாம். வெளிநாட்டிலும் ஓடிபி வரும்படி உங்கள் எண்ணுக்கு ரோமிங் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். ரோமில் ஓட்டல் வாடகைக்கு மேல் நகர வரி உண்டு. மூன்று நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. இணையத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இது தனி, பல இடங்களில் ரொக்கமாகவே கேட்கிறார்கள். மூன்று பேருக்கு நான்கு இரவுக்கு 72 யூரோ. கிரீஸில் இது அறைக்கு இவ்வளவு என்ற கணக்கு. மூன்று நட்சத்திரத்துக்குக் கோடை மாதங்களில் இரவுக்கு 5 யூரோ.

6. கொலோசியம்

அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி "டிக்கெட்டிங் டாட் கொலோசியோ டாட் ஐடி". தேடுபொறியில் தட்டினால் முதலில் வருபவை விளம்பரங்கள். கொலோசியம் படத்தோடு, "அதிகாரபூர்வ" என்ற சொல்லோடு இருக்கும். டிக்கெட்டுகளை மொத்தமாக வளைத்துப்போட்டு விலையேற்றும் வேலை அங்கே பெரிய பிரச்சினையாகி, 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. இன்னும் கவனம் தேவை.

சாதாரண டிக்கெட் 18 யூரோ. இதிலேயே பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அதையொட்டிய பலட்டைன் குன்றும் சேர்த்தி. கொலோசியத்துக்கு மட்டும் குறித்த நேரம், மற்ற இரண்டையும் 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். ஒரே முறைதான். வெளியே வந்துவிட்டால் திரும்ப விடமாட்டார்கள், ஆகவே சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள். வாள் வீரர்கள் நின்ற மணல்தளத்தில் கால்வைக்க வேண்டும் என்றால் 24 யூரோ டிக்கெட். 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் பெயர் போட்டுச் சீட்டு எடுத்தாக வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். நான்கு இரவே தங்குகிறவர்கள் அந்த இலவசத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அன்று இணைய முன்பதிவு கிடையாது, வெயிலில் வரிசைதான்.

பெரிய முதுகுப் பையும் கண்ணாடிப் பாட்டிலும் உள்ளே விடுவதில்லை, வைத்துப்போக இடமும் இல்லை. ரோம் முழுக்கத் தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும், தண்ணீருக்குக் காசே வேண்டாம்.

ஃபோரத்துக்கு எல்லோரும் கொலோசியத்தின் எதிர்வாசலில் மொய்ப்பார்கள். சான் கிரிகோரியோ தெருவில் இருக்கும் பலட்டைன் வாசலுக்கு ஐந்து நிமிடம் நடங்கள், வரிசை குறைவு. முதலில் குன்று ஏறிப் பார்த்துவிட்டு ஃபோரத்துக்கு இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைக் காலையிலேயே முடிப்பது நல்லது. ஃபோரத்தில் மேக்சென்டியஸ் பசிலிக்காவின் மூன்று பெரிய வளைவுகளுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அதன் அடியில்தான் ரோமப் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு வந்து சேர்ந்த இடம். அப்பா அங்கிருந்து நகர மறுத்துவிட்டார்.

7. ஓஸ்தியா: திங்கள் வேண்டாம்

ரோமின் பழைய துறைமுக ஊர். கூட்டமில்லை, நிழல் உண்டு. பிரமிதே மெட்ரோவுக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து, 1.50 யூரோ நகர டிக்கெட்டிலேயே ரயிலில் போகலாம். திங்கள்கிழமை விடுமுறை.

8. பொம்பேயி

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள். சீக்கிரம் முன்பதிவு செய்தால் பாதி விலைக்குக்கூட கிடைக்கும். நிலையப் பலகைகளில் "நாப்போலி" என்று இருக்கும். நாப்போலி சென்ட்ராலேயில் இறங்குங்கள்.

அங்கே கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில். சொரெந்தோ போகும் வண்டியில் ஏறி "பொம்பேயி ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தெரி" என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். பொம்பேயி என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு. வெறும் "பொம்பேயி" என்று கேட்டால் வேறு வண்டியைக் காட்டிவிடுவார்கள், இறங்கி வெயிலில் நடக்க வேண்டியதாகும். "ஸ்காவி" என்ற சொல்தான் முக்கியம், அகழ்வு என்று பொருள். பயணம் நாற்பது நிமிடத்துக்குள், டிக்கெட் 5 யூரோவுக்குள். வண்டி நெரிசலாக இருக்கும். பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள்.

2024 நவம்பர் 15 முதல் ஒரு நாளைக்கு 20,000 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். கோடைப் பருவத்தில் காலை 9 முதல் 1 மணி வரை 15,000, அதன் பிறகு 5,000. சாதாரண டிக்கெட் 20 யூரோவை ஒட்டி. அகழ்வுப் பூங்காவின் சொந்தத் தளத்திலிருந்து போய் வாங்குங்கள். நிலைய வாசலிலேயே "டிக்கெட் ஆபீஸ், தகவல் மையம்" என்று கூப்பிடுகிறவர்கள் தனியார் வழிகாட்டிகள். நேராக போர்த்தா மரீனா வாசலுக்குப் போங்கள்.

30-க்கு 30-க்கு 15 சென்டிமீட்டரை மிஞ்சிய பை கூடாது. உள்ளே நிழல் மிகக் குறைவு, பாதைக் கற்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். செருப்பு சரிப்படாது, ஷூ வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம், ஐந்து ஆனது.

9. நேப்பிள்ஸ் அருங்காட்சியகம்: செவ்வாய் வேண்டாம்

பொம்பேயியில் தோண்டியெடுத்த நல்ல பொருள்களில் பல பொம்பேயியில் இல்லை. சுவரோவியம், வெண்கலம், மொசைக் என்று பலவும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆகவே இரண்டு இரவு நேப்பிள்ஸில் தங்கி, ஒரு நாள் பொம்பேயிக்கு, ஒரு நாள் அருங்காட்சியகத்துக்கு. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை அமையுங்கள்.

உள்ளே "ரகசிய அறை" என்று ஒரு பகுதி. பாலுறவுச் சித்திரங்கள் இருப்பதால் பிள்ளைகளோடு போகிறவர்கள் தாண்டிவிடுவார்கள். அங்கேதான் இந்தியாவிலிருந்து போன தந்தப் பெண் சிலை இருக்கிறது. பொம்பேயி வீடொன்றில் 1938-இல் கிடைத்தது, 'பொம்பேயி லட்சுமி' என்று அழைக்கிறார்கள். ஒரு சாண் உயரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். பெரியவர்கள் மட்டுமாவது போய்ப் பாருங்கள்.

10. ஏதென்ஸ்

2025 ஏப்ரல் முதல் அக்ரோபோலிஸ் 30 யூரோ. பல இடங்களுக்குச் சேர்த்துக் கிடைத்த கூட்டு டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள். பழைய சந்தைச் சதுக்கமான புராதன அகோராவுக்குத் தனியாக 20 யூரோ. அரசுத் தளம் "எச்எச்டிக்கெட் டாட் ஜிஆர்".

இங்கும் ஒரு நாளைக்கு 20,000 பேர், குறித்த நேரம். உங்கள் நேரத்துக்கு 15 நிமிடம் முன்னிருந்து 15 நிமிடம் பின்வரை விடுவார்கள். காலை 8 மணிச் சீட்டை எடுங்கள். மேற்கு வாசலை விட்டுவிட்டு, அக்ரோபோலிஸ் மெட்ரோ அருகிலுள்ள தென்கிழக்கு வாசல் வழியாக ஏறினால் டயோனிசஸ் நாடக அரங்கம் வழியிலேயே வரும், ஏற்றமும் மெல்ல மெல்லத்தான். மேலே பளிங்குப் பாறை லட்சக்கணக்கான கால்பட்டு வழவழத்துவிட்டது. மழை தூறினால் அம்மாவின் கையை விடாதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு, முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அடிவாரத்து அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்கு வேறு டிக்கெட். மதிய வெயிலை அங்கே கழியுங்கள்.

பழங்காலத்தில் குறிகேட்கப் போன ஊரான டெல்ஃபிக்கு ஏதென்ஸின் லியோசியோன் பேருந்து நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், நுழைவு 20 யூரோ. திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, திரும்பும் சீட்டையும் காலையிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். மாலையில் அங்கே இடம் கிடைக்காமல் நின்ற இரண்டு குடும்பங்களை நாங்கள் பார்த்தோம்.